மேசையிலிருந்து பார்த்தால்

மல்லாவி நெற்களஞ்சியத்தில் மூட்டை இல்லாத மாதம்.
ஐம்பத்திரண்டு கதிரை போட்டோம்,
முப்பது கோயிலில் இருந்து, மிச்சம் மரண உதவிச் சங்கத்தில் இருந்து.
கொழும்பிலிருந்து இரண்டு பஸ்ஸில் வந்த வயலின்காரர்கள்
பெட்டியைத் திறந்ததும் தும்மினார்கள்.
உமித்தூசி.
ஒருத்தி தன் செல்லோவைக் காய்ச்சல்காரப் பிள்ளையைப் போலத்
தொட்டுத் தொட்டுப் பார்த்தாள்.

ஓபோ ஒரு சுரம் நீட்டியது.
எல்லாரும் அதில் வந்து கூடினார்கள்,
எங்கள் ‘உவர்’ மட்டும் கூடவில்லை.
தர்சிகனின் கம்பிகள் நல்லாத் தளர்த்தியவை,
கிணற்றின் அடியில் இருந்து பேசும்.
அம்ப்ளிபையர் வாங்கக் காசில்லை,
அவன் கிற்றார் நேரே என் மேசைக்குத்தான் வரும்.
பூவரசுக்குப் பின்னால் ஜெனறேற்றர்
தனக்கென்று ஒரு சுருதி பிடித்திருந்தது.
அதை வடிகட்டினேன். முழுக்கப் போகவில்லை.

வாத்தியக்குழுவை நடத்த வந்த அம்மையாரை
‘கொண்டக்டர் ரொஹாந்தி அவர்கள்’ என்றார் அறிவிப்பாளர்.
பின்வரிசையில் ஒருவன் கத்தினான்: ‘இறக்கம்!’
அவவுக்குத் தமிழ் தெரியாது, பஸ் தெரியும்.
சிரித்துவிட்டுக் குச்சியைத் தூக்கினா.

ஆரணி இரண்டு காலாலும் உதைத்தாள்.
அந்த அடி காதுக்கு வரமுன் நெஞ்சுக்கூட்டுக்கு வந்தது.
நாற்பது தாண்டியவர்கள் குனிந்தார்கள்.
இருபது தாண்டாதவர்கள் தலையைச் சுழற்றினார்கள்.
மேசையிலிருந்து பார்த்தால்
இரண்டும் ஒரே குனிவு.
மூன்றாம் வரிசையில் ஒரு பச்சைச் சேலை
கைப்பையை நெஞ்சோடு அணைத்தபடி கொஞ்சநேரம் இருந்தா,
பிறகு பக்கத்துப் பெடியனின் சுழலும் தலையைப் பார்த்தா,
பையைத் திறந்து
அவனுக்கு ஒரு ரொபி கொடுத்தா.

எழில்வேந்தனுக்குப் பாட வராது, உறுமத்தான் வரும்.
அன்றைக்கு அவன் உறுமியது ஒரு கடிதம்.
லீசிங் கம்பனி உழவு இயந்திரத்தைத் தூக்கிப்போன கடிதம்,
‘மேற்படி விடயம் தொடர்பாக’ உட்பட,
திகதி, இலக்கம் எல்லாத்தோடும்.
அதற்குக் கீழே பதினாறு வயலின்
செத்தவீட்டு முற்றத்துக்குள் வருகிறவர்களைப்போல
மெல்ல நடந்தன.

நாலாம் பாட்டில் டீசல் முடிந்தது.

விளக்குப் போனது. கிற்றார் போனது.
ஒலிபெருக்கி அடுக்கு இரண்டும் வெறும் அலுமாரி.
வயலினுக்கு என்ன டீசல்?
அவர்கள் நிற்கவில்லை.
தாள் தெரியாமல் அரைவாசிப்பேர் தடுமாற
வரிசைகள் போனை உயர்த்தியபடி எழும்பி வந்தன.
பச்சைச் சேலை செல்லோக்காரிக்குப் பக்கத்தில் குந்தி
வெளிச்சம் பிடித்தா,
பக்கம் எப்போது திருப்புவதென்று தெரியாமல்
அவளின் முகத்தையே பார்த்துக்கொண்டு.

ஆரணி குச்சிகளை மடியில் வைத்தாள்.
தர்சிகன் வைக்கவில்லை.
செத்த கிற்றாரை அதே வேகத்தில் அடித்தான்,
வயலின்கள் மூச்சு வாங்கிய ஒரு இடைவெளியில்
எனக்குக் கேட்டது, பல்லி சொல்வது மாதிரி.
எழில்வேந்தன் மைக்கைக் கீழே வைத்தான்.
வெறும் தொண்டை. கடிதத்தின் கடைசிப் பந்தி.
ஒரு சொல், முதன்முறையாக, எல்லாருக்கும் விளங்கியது.
‘கையொப்பம்.’

ரூபேசன் பெயின்ற் வாளியில் டீசலோடு ஓடினான்.
நான் ஃபேடர் எல்லாத்தையும் கீழே இழுத்துவைத்தேன்,
கரண்ட் வரும்போது வெடிக்கக்கூடாது,
அதுதான் தொழில்.
வந்தது.
மேசையில் பச்சை விளக்கு, பிறகு சிவப்பு.

தர்சிகனிடம் இன்னும் சொல்லவில்லை.
அவன் குனிந்து வயரை ஆட்டியாட்டிப் பார்த்த
அந்தப் பதினொரு வட்டமும்
ஒரு வயரும் கழரவில்லை.
என் விரல் ஃபேடரில்தான் இருந்தது.
செல்லோ போய்க்கொண்டிருந்தது.
பச்சைச் சேலைக்கு அப்போதுதான்
பக்கம் திருப்பும் இடம் பிடிபட்டது.

பன்னிரண்டாவதில் ஏற்றினேன்.
கூரை அதிர்ந்து இருபது வருச உமி கொட்டியது.
முதல் வயலின் தும்மினார்,
தாளம் பிசகாமல்.